பெட்டி பாடம் சொல்லும், பதில் சொல்லுமா?

புத்தாண்டு பிறந்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் கொண்டாட்டம்! அன்று, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர் மாணவர். தந்தையின் கைபேசி தந்தையோடு ஷிப்டுக்குப் போய்விடும். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம். அது நன்மையே, மறுக்கவில்லை. ஆனால், "இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா" என்று பெட்டியிடம் கேட்க முடியுமா?

2021-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாயிற்று, தேர்ச்சி கிடைத்தது. வேலைக்குப் போன இடத்தில் வெர்னியரைக் கையில் கொடுத்தார்கள். அளவு பார்க்கத் தெரியவில்லை! படத்தில் கண்டவர், தொட்டுப் பார்த்ததில்லை. பக்கத்து மெஷினில் நின்ற மூத்த தொழிலாளிதான், கேட்கக் கேட்கச் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

குற்றம் பிள்ளையுடையதா? இல்லை! கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாத கல்வி அரைக்கல்வி அன்றோ! அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் போதிய ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று உரக்கக் கேட்போம். அத்துடன், தோழர்களே, ஷிப்டு முடிந்து வீடு வந்ததும் அரை மணி நேரம் பெட்டியை அணைப்போம். பிள்ளையின் அருகில் அமர்வோம். "இன்று எது புரியவில்லை?" என்று கேட்போம். புத்தாண்டு அங்கே பிறக்கட்டும்!