சூடத்துக்கு ஒரு மோல் கணக்கு

மோல் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர சைனாடவுன் தோதான இடம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றுகிறோம். அதே வட்டாரத்துச் சீன மருந்துக் கடையில் சூடத்தின் பங்காளியான போர்னியோல் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் படிகம்தான்.

அந்தக் கடைகளில் முன்பு தஹில் கணக்கில்தான் நிறுப்பார்கள். 16 தஹில் ஒரு காத்தி; ஒரு தஹில் ஏறத்தாழ 37.8 கிராம். சிங்கப்பூர் மெட்ரிக் அளவுக்கு மாறியது 1970-களில். எந்தச் சரக்கானாலும் தஹிலைக் கிராமாக்க 37.8 ஒன்றே போதும். கிராமை மோலாக்க அப்படிப் பொது எண் கிடையாது. தேக்காவில் காசு மாற்றினால் ரூபாய்க்கு ஒரு விலை, ரிங்கிட்டுக்கு ஒரு விலை அல்லவா, அப்படி இதுவும் பொருளுக்குப் பொருள் மாறும்.

அந்த விலையை நாமே போட்டுப் பார்க்கலாம். சூடத்தின் மூலக்கூறில் கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. அணு எடை முறையே 12, 1, 16. பெருக்கிக் கூட்டினால் 152. ஆக, 152 கிராம் சூடம் ஒரு மோல். போர்னியோலில் ஹைட்ரஜன் மட்டும் இரண்டு கூடுதல், அதற்கு 154.

ஒரு தஹில் சூடம் சுமார் 0.25 மோல். அதே எடைக்கு உப்பு 0.65 மோல், சர்க்கரை வெறும் 0.11. தராசு மூன்றையும் சமம் என்றுதான் சொல்லும்! ஒரு மோல் என்றால் 6-க்குப் பின் 23 சுழியம் போட்டதைவிடச் சற்றே அதிகமான துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண் அளவியலில் மாறாத மதிப்பாக நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது.

எண்ணி என்ன லாபம்? சூடத்தைக் கொளுத்தினால் தெரியும். முழுதாக எரிந்தால் ஒரு மோல் சூடம் 10 மோல் கார்பன் டைஆக்சைடையும் 8 மோல் நீராவியையும் தரும். 1.52 கிராம் சூடம் 0.01 மோல்; அதிலிருந்து 0.1 மோல், அதாவது 4.4 கிராம் கார்பன் டைஆக்சைடு. மிச்சமில்லாமல் கரைந்துபோனதாக நாம் நினைக்கும் சூடம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையுள்ள கார்பன் டைஆக்சைடைத் தந்திருக்கிறது. கூடுதல் எடை, காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜனுடையது.

நிஜத்தில் சூடம் அவ்வளவு சுத்தமாக எரிவதில்லை. அந்தக் கரும்புகையே சாட்சி. 0.12 கிராம் கரி படிந்தது, அது முழுக்கக் கார்பன் என்று கொள்வோம். அது 0.01 மோல், சூடத்திலிருந்த கார்பனில் பத்தில் ஒரு பங்கு. அப்போது கார்பன் டைஆக்சைடு 3.96 கிராமைத் தாண்டாது.