மெமோவுக்குப் பயந்த பதிவேடு

உசிலம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் 1986-க்குப் போய்விடுகிறார்கள். அந்த ஜூனில் ‘இந்தியா டுடே’ அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்ட பெண் சிசுக்கொலைச் செய்தி ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இது ஊருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். சேலத்திலும் தர்மபுரியிலும் இதே கதைதான். அதைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது.

இந்தச் சாவுகள் அரசுக்குத் தெரியவந்த வழியைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். ஊர் வாயில் ‘நர்சம்மா’. யாருக்கு எத்தனையாவது பிரசவம், எந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறந்த சில நாளில் குழந்தை இறந்தால் காரணம் எழுத வேண்டியவரும் அவரே. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் ‘சமூகக் காரணங்கள்’ என்றொரு வகை இருந்தது; சிசுக்கொலைக்கு அதுதான் மறுபெயர். ஷீலா ராணி சுங்கத்தும் வெ.பா. ஆத்ரேயாவும் 1997-ல் எழுதிய ஆய்வு அந்தப் பதிவுகளை வைத்தே, மதுரையிலிருந்து தர்மபுரிப் பக்கம்வரை நீண்ட பட்டையை அடையாளம் காட்டியது.

அதை எழுதிய கையை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு அதே தெருவுக்குத் தடுப்பூசி போடப் போக வேண்டும். மேலே ரிவியூ மீட்டிங்கில், “ஏம்மா, உங்க ஏரியாவுல மட்டும் ஏன் இப்படி?” என்று நாலு பேர் முன்னால் ஒரு குரல் எழுந்து, கையோடு மெமோவும் வந்தால், அடுத்த மாதம் பதிவேட்டில் ‘எடைக்குறைவு’, ‘மூச்சுத்திணறல்’ என்றுதான் இருக்கும். அதிகாரிக்குக் கணக்கு அழகாகிவிடும், அவ்வளவுதான்.

அந்த அதிகாரியிடம் இல்லாதது உணர்வுசார் நுண்ணறிவு. டேனியல் கோல்மன் 1995-ல் எழுதிய புத்தகத்தால் அது உலகெங்கும் பேச்சானது. நம்மூர்ப் பயிற்சி வகுப்புகளில் அது புன்னகைப் பாடமாகச் சுருங்கிவிட்டது. கீழே இருப்பவர் கெட்ட செய்தியைத் தானாகக் கொண்டுவருகிறாரா என்பதை வைத்துத்தான் ஒரு சுகாதார அதிகாரியை நான் எடைபோடுவேன். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாவதைக் கண்டு முதலில் குழம்பினார். அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

தமிழ்நாட்டின் தாய் மரணத் தணிக்கை இதே எண்ணத்தில் பிறந்தது. மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தார் சொல்வதையும் கேட்க வேண்டும். தாமதம் வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா என்று தேடுவதே நோக்கம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54 ஆனது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் இதில் பங்குண்டு.

ஆனாலும் தணிக்கை எப்போது விசாரணைக் கூண்டாகும் என்று சொல்ல முடியாது. 2023-ல் மதுரையிலேயே தாய் மரணத் தணிக்கை தொடர்பாக அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். எங்களை விசாரிப்பவர்கள் மகப்பேறு தெரிந்தவர்களாக இருக்கட்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். மருத்துவர்களுக்குச் சங்கம் இருந்தது, குரல் எழுப்பினார்கள். துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் நர்சம்மாவை அதே விசாரணை மேஜைக்கு முன்னால் நிறுத்தும்போது அவருக்காக யார் பேசுவார்?