ஒரே மருந்து, ஆளுக்கு ஓர் அளவு: ஏன்?

இதயமாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்தில் இருப்பவருக்கும் எனக்கும் ஒரே எடைதான். எனக்கு மட்டும் ஏன் டாக்ரோலிமஸ் இரு மடங்கு?" பல வேளைகளில் இதற்கான விடை மரபணுவில் இருக்கிறது.

பொருத்தப்பட்ட இதயத்தை உடலின் டி அணுக்கள் அந்நியமாகவே கருதுகின்றன. அப்போது அவ்வணுக்களுக்குள் கால்சிநியூரின் என்னும் நொதி தூண்டப்பட்டு, இன்டர்லூகின்-2 என்னும் தூதுப்பொருள் உருவாகிறது. அதன் கட்டளையால் டி அணுக்கள் பெருகி இதயத்தைத் தாக்குகின்றன. டாக்ரோலிமஸ் கால்சிநியூரினைத் தடுத்து அத்தூதைக் குறைக்கிறது. இரத்தத்தில் மருந்து குறைந்தால் உடல் இதயத்தை நிராகரிக்கக்கூடும். மிகுந்தால் சிறுநீரகப் பாதிப்பு, கை நடுக்கம், தொற்று ஆகியவை நேரலாம்.

தூதுப்பொருட்களை உருவாக்கும் மரபணுக்களிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடுகள் உள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்து அமையாததால், அவற்றைக் கொண்டு நாங்கள் மருந்தளவை முடிவு செய்வதில்லை. ஆனால், மருந்தைச் சிதைக்கும் நொதிக்குரிய சிஒய்பி3ஏ5 என்னும் மரபணுவின் பங்கு தெளிவாகத் தெரிந்துள்ளது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்தேனும் இதன் செயல்படும் வடிவத்தைப் பெற்றவரின் குடலிலும் கல்லீரலிலும் டாக்ரோலிமஸ் விரைவாகச் சிதைகிறது. அத்தகையோருக்கு வழக்கமான தொடக்க அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை தேவைப்படலாம் என 2015இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே, கூடுதல் அளவு என்பது இதயம் பழுதடைந்ததன் அடையாளம் அன்று. குறைந்த அளவு என்பது முழுமையாகக் குணமடைந்ததன் சான்றும் அன்று.

மரபணு மாறாது, ஆனால் தேவைப்படும் மருந்தளவு மாறக்கூடும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்துவிடும். ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவை அதனை உயர்த்திவிடும். இதனால்தான் இரத்தப் பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்கிறோம்.

நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் நினைவில் கொள்ள வேண்டியவை:

• பரிசோதனை நாளன்று இரத்தம் கொடுத்த பின்னரே காலை மருந்தை உட்கொள்ளுங்கள்.

• வேறு மருத்துவர் எம்மருந்தை எழுதித் தந்தாலும், தொடங்குமுன் எங்களுக்குத் தெரிவியுங்கள். நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும்.

• கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்களைத் தவிருங்கள்.

• வயிற்றுப்போக்கு நீடித்தால் உடனே எங்களிடம் கூறுங்கள்.

• மற்றொருவரின் அளவைப் பார்த்து உங்கள் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நிராகரிப்பு, தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இன்றி நிகழக்கூடும். உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாளிலும் மருந்தைத் தவறவிடாதீர்கள்.