துப்பாக்கியின் உதை எங்கே போகிறது?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்ச் சாலைகளில் விடிவதற்கு முன்பே பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். தேறிப் பயிற்சிக்குப் போனவன் விடுப்பில் ஊருக்கு வந்தால் கூட்டாளிகள் கேட்கிற முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. "துப்பாக்கி சுட்டியா? உதைக்குமாமே?"

உதைக்கும். எஸ்.எல்.ஆர். ரைபிள் பலமாக உதைக்கும், இன்சாஸ் ரைபிள் அவ்வளவாக உதைக்காது. சரியாகப் பிடித்தால் இரண்டுமே குறைவாக உதைக்கும். காரணம் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். புரிந்துகொள்ளத் தேவையான கருவி நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது: பிரஷர் குக்கர்.

மூடியைப் பூட்டி அடுப்பை ஏற்றியதும் உள்ளே நீராவி சேர்கிறது. வெளிக்காற்றைவிட அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடுதலாக ஆனதும் விசில் அடிக்கும். அந்த ஆவி மூடியை மேலே தள்ளும் அளவுக்கே அடியைக் கீழேயும் பக்கங்களை வெளியேயும் தள்ளுகிறது. எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளுவதால் குக்கர் அசையாமல் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திறந்துகொண்டால் அந்தப் பக்கத் தள்ளலைத் தாங்க அங்கே சுவர் இருக்காது. எதிர்ப்பக்கத் தள்ளல் மட்டும் மிஞ்சும், பாத்திரம் அந்தத் திசையில் நகரும்.

துப்பாக்கியின் உதையும் இதுதான். தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அழுத்தம் குக்கரைப் போலச் சில ஆயிரம் மடங்கு ஏறுகிறது. ஆனால் குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வாயு கூட்டின் சுவரையும் அடியையும் குண்டையும் ஒரே சமயத்தில் தள்ளுகிறது. இவற்றில் நகரக்கூடியது குண்டு மட்டும்தான், அது முன்னால் ஓடுகிறது. அடியைத் தள்ளிய விசை போல்ட் வழியாகத் துப்பாக்கிக்குப் போய், துப்பாக்கி வழியாகத் தோளுக்கு வருகிறது.

கணக்காகவும் பார்த்துவிடலாம். எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். முன்னால் போகிற உந்தம் எவ்வளவோ அவ்வளவும் பின்னாலும் வந்தாக வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது. எஸ்.எல்.ஆர். என்று நம் காவலர்கள் சொல்வது 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்து இஷாப்பூரில் தயாராகத் தொடங்கிய 7.62 மில்லிமீட்டர் ரைபிள். பெல்ஜியம் நாட்டு வடிவத்தைத் தழுவியது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். அதன் குண்டு சுமார் 9.5 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 840 மீட்டர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் 8. அதோடு முடியவில்லை. எரிந்த மருந்து சுமார் 3 கிராம் இருக்கும், அதுவும் வாயுவாகி முன்னால்தான் பாய்கிறது, குண்டைவிட வேகமாக. அதற்கு மூன்றரை சேர்த்தால் மொத்தம் பதினொன்றரை. தோட்டாவோடு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும் துப்பாக்கி இதை வாங்கிக்கொண்டு நொடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது.

இன்சாஸுக்கு அதே கணக்கு: குண்டு 4 கிராம், வேகம் சுமார் 900 மீட்டர், பெருக்கினால் 3.6. வாயுவுக்கு 2 சேர்த்தால் ஐந்தரை. துப்பாக்கி வரும் வேகம் நொடிக்கு ஒன்றேகால் மீட்டருக்குள். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும். எஸ்.எல்.ஆர். தோளில் கொட்டும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இன்சாஸில் வருகிறது.

உதையைக் குறைக்கும் வழிகளில் மிகப் பெரியது தோட்டாவின் தேர்வுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முனையில் மாட்டுகிற சாதனம், ரப்பர் அட்டை எல்லாம் பிறகுதான். உள்ளே எவ்வளவு மருந்து, எவ்வளவு கனமான குண்டு என்பதை முடிவு செய்தபோதே உதையின் பெரும்பகுதி முடிவாகிவிட்டது. 1990களின் இறுதியில் இந்திய ராணுவம் எஸ்.எல்.ஆரிலிருந்து இன்சாஸுக்கு மாறியபோது சிப்பாயின் தோளுக்குக் கிடைத்த ஆறுதல் தோட்டாவிலிருந்து வந்தது. ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை உண்டு. சின்னக் குண்டு தூரம் போகப் போக வலுவிழக்கும். அதனால்தான் 2019-ல் ராணுவம் 72,400 சிக் 716 ரைபிள்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அவை மறுபடியும் எஸ்.எல்.ஆரின் அதே 7.62×51 தோட்டாவைச் சுடுபவை. குண்டின் வலுவோடு உதையும் திரும்பி வந்தது.

இதே உந்தத்தை எப்போது, எந்த வழியில் வெளியே விடுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. இங்கேதான் குக்கரின் வெயிட் உதவுகிறது.

ஆவி வெயிட்டைத் தூக்குகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது, அழுத்தம் இறங்குகிறது, வெயிட் தன் எடையால் மறுபடி உட்காருகிறது. எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் போன்ற, வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில் நடப்பது இதேதான். குழலின் மேற்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் ஒரு சிறு பங்கு அதன் வழியே ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டின் பூட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை நெருக்குகிறது. வெயிட்டைத் தன் எடை உட்கார வைப்பதுபோல இங்கே ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் திருப்பி அனுப்புகிறது, வரும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு. குக்கரில் ஒரு விசில் என்றால் இங்கே ஒரு ரவுண்டு.

அந்த வாயு பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது துளைக்கு முன்னால் இருக்கும் அடைப்பை முன்னால் தள்ளுகிறது. ஆகவே துப்பாக்கி ஒரு கணம் முன்னோக்கியும் இழுக்கப்படுகிறது. தோளுக்கு வர வேண்டிய உந்தத்தில் ஒரு பங்கை போல்ட் தன்மேல் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஓடியபடியே ஸ்பிரிங்கை நெருக்கி, அந்தப் பங்கைச் சிறிது சிறிதாகத் தோளில் இறக்கி வைக்கிறது. மொத்தக் கணக்கில் எதுவும் குறையவில்லை. ஒரே அடியாக விழ வேண்டியது நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்கு நீண்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தோளுக்கு அந்த நீட்சி பெரிய விஷயம். பழைய .303 ரைபிளையும் எஸ்.எல்.ஆரையும் சுட்டுப் பார்த்த மூத்த காவலர்கள் .303-ன் அடி கூர்மையானது என்பார்கள். குண்டின் உந்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். .303-ல் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும், உதையைச் சுமந்து ஓட உள்ளே ஆள் இல்லை. எடையும் குறைவு.

வாயு அளவுக்கு மேல் போனால் கெடுதல். போல்ட் அசுர வேகத்தில் போய்ப் பின்சுவரில் மோதும், தோளுக்கு இரண்டாவது அடி விழும், பாகங்களும் தேயும். எஸ்.எல்.ஆரில் இதற்கென்றே குழல்மேல் ஒரு ரெகுலேட்டர் வளையம் உண்டு. அதைத் திருகினால் உபரி வாயு ஒரு திறப்பின் வழியாக வீணாக வெளியேறும். துப்பாக்கி தடங்கலின்றி இயங்க எவ்வளவு வாயு தேவையோ அதைவிடச் சற்றே கூடுதலாக வைப்பதுதான் முறை. உதை குறையட்டும் என்று அதற்கும் கீழே இறக்கினால் போல்ட் பாதி வழியில் நின்று, காலிக் கூடு சிக்கிக்கொள்ளும். கரியும் மண்ணும் சேரும்போது கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். இந்த வளையத்தின் நுணுக்கம் தெரிந்த ஆயுதக் கிடங்குக் காவலருக்குப் பயிற்சி மைதானத்தில் உள்ள மரியாதை நியாயமானது.

அடுத்தது குழலின் முனை. குக்கர் விசில் அடிக்கும்போது வெயிட்டின் பக்கங்களில் ஆவி நாலாபுறமும் சமமாகப் பீறிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பக்கமாகப் பீறிட்டால் வெயிட் எதிர்ப்பக்கம் சாயும். முனையில் மாட்டும் பிரேக் இந்தச் சாய்வை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. குண்டு வெளியேறியதும் பின்னால் வரும் வாயு நேராக முன்னால் போகாமல் பக்கத் துளைகளின் சுவரில் மோதித் திரும்புகிறது. மோதும்போது சுவரை முன்னால் தள்ளுகிறது, துப்பாக்கியும் முன்னால் இழுபடுகிறது. எஸ்.எல்.ஆர். கணக்கில் பதினொன்றரையில் மூன்றரை வாயுவின் பங்கு என்று பார்த்தோம். பிரேக்கால் கைவைக்க முடிந்தது அந்த வாயுவில் மட்டும்தான். குண்டை அது தொடவே முடியாது. வாயுவைச் சற்றுப் பின்னோக்கியே திருப்பிவிட்டால் அந்த மூன்றரைக்கும் மேலே கொஞ்சம் மீட்கலாம். 1974-ல் சோவியத் ராணுவத்துக்கு வந்த ஏ.கே.-74 உதையைக் குறைக்கும் பிரேக்குக்குப் பேர்போனது.

துளைகளை மேல்பக்கம் வைத்தால் இன்னொரு பயன் உண்டு. குழல் இருக்கும் கோடு தோள் தாங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருப்பதால் ஒவ்வொரு உதைக்கும் முனை மேலே எழும்பும். மேல்நோக்கிப் பாயும் வாயு முனையைக் கீழே அழுத்தும். 1959-ல் வந்த ஏ.கே.எம். ரைபிளில் முனையைச் சாய்வாக வெட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். மேலேயும் வலப்பக்கமும் எழும்ப முயலும் முனையை வாயு எதிர்த்திசையில் தள்ளுகிறது. திருச்சி நவல்பட்டில் 1966-ல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை தயாரிக்கும் திருச்சி அசால்ட் ரைபிள் இந்த ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்தது. நம் அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகள் காவல் பணியில் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் பக்கத்து மாவட்டத்திலேயே உருவாகிறது.

பிரேக்குக்கும் விலை உண்டு, அதைச் சுடுகிறவன் மட்டும் கொடுப்பதில்லை. பக்கவாட்டில் திருப்பிவிட்ட வாயு சத்தத்தையும் கூடவே திருப்பிவிடுகிறது. ரைபிளின் வெடிச்சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-ஐத் தாண்டிய ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம். பிரேக் மாட்டிய துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது இன்னும் கூடும். உதைபட்ட தோள் நாலு நாளில் தேறிவிடும், போன செவித்திறன் திரும்பாது. ஃபயரிங் ரேஞ்சில் காதடைப்பான் இல்லாமல் யாரையும் படுக்க வைக்கக் கூடாது. பஞ்சு வைத்தால் போதும் என்பது தவறான பழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும்.

கடைசியாகத் தோள். புதிதாகச் சுடுகிறவர் பயத்தில் செய்வது என்னவென்றால், துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடிப்பது. தள்ளி இருந்தால் வலிக்காது என்று மனம் நினைக்கிறது. நடப்பதோ நேர்மாறு. இடைவெளி இருந்தால் துப்பாக்கி தன் முழு வேகத்தையும் எடுத்த பிறகு எலும்பில் வந்து மோதும். இடைவெளியே இல்லாமல் தோள்குழியில் அழுத்திப் பிடித்தால், துப்பாக்கி வேகம் எடுக்கும் முன்பே உடம்பும் அதன் எடையோடு சேர்ந்துகொள்கிறது. 5 கிலோவைத் தள்ள வேண்டிய உந்தம் இப்போது துப்பாக்கியோடு தோளையும் மார்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது, வேகம் விழுந்துவிடுகிறது. கட்டையின் அடியில் ரப்பர் இருந்தால் இன்னும் நல்லது, அது அடியை நேரத்திலும் பரப்பிலும் விரித்துவிடும். கழுத்தெலும்பின் மேல் வைக்காமல் அதற்குக் கீழே உள்ள சதைப்பற்றான குழியில் வைக்க வேண்டும். உடம்பைச் சற்று முன்னே சாய்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் செலவு கிடையாது.

உதையைக் குறைப்பதை வெறும் சௌகரியம் என்று எண்ணிவிட வேண்டாம். உதைக்குப் பயந்த கை, விசை இழுபடும் கணத்துக்குச் சற்று முன்பே நடுங்கி முனையைக் கீழே குத்திவிடும். குறி தப்பிய குண்டு காற்றில் கரைந்து போவதில்லை. மக்கள் நடமாடும் இடத்தில் காவலர் ஒருவர் சுட நேர்ந்தால், அந்தக் குண்டு யாரோ ஒருவரைத் தேடிப் போய்விடும். ஒரு ரவுண்டோடு நிறுத்திக்கொள்ளும் நிதானமும் பயமில்லாத தோளுக்குத்தான் வரும்.

இந்தப் பயத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்றுநர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மி ரவுண்டு ஒன்றைச் சுடுகிறவருக்குத் தெரியாமல் நுழைத்து வைப்பார்கள். அதன் முறை வரும்போது முள் அடிக்கும் ஒலி மட்டும் கேட்கும், வெடிக்காது. உதையே இல்லாத அந்த முறையிலும் முனை குலுங்கினால் குலுக்கியது துப்பாக்கி அல்ல. அப்படிப்பட்டவரை அதட்டிப் பயன் இல்லை. திரும்பக் காலித் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழக வைக்க வேண்டும், பிறகு சின்னத் தோட்டாவுக்குப் போக வேண்டும். பள்ளி, கல்லூரி என்.சி.சி. மாணவர்களுக்கு .22 ரைபிளைக் கொடுப்பதிலும் இந்தப் பயன் இருக்கிறது. அதன் குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர் அளவில்தான். பெருக்கிப் பார்த்தால் ஒன்றுகூட வராது.