சன்னலுக்கு வெளியே நின்ற சிறுமி

நம் பங்கு இல்லத்தை ஒட்டிய இளைஞர் மன்ற அறையில் இரண்டு கேரம் பலகைகள் உள்ளன. மாலையானதும் பையன்கள் அவற்றைச் சூழ்ந்து கொள்வர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீடு திரும்ப வேண்டிய சிறுமி ஒருத்தி, சன்னல் கம்பியைப் பற்றியவாறு நெடுநேரம் நின்றிருந்தாள். நம்மைக் கண்டதும், "சாமி, நாங்களும் ஆடலாமா?" என்றாள். "பிறகு பார்ப்போம், அம்மா" என்று கூறி நாம் அகன்றோம். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

2025 நவம்பரில் வந்த ஒரு செய்தி அக்கேள்வியை மீண்டும் நம் முன் நிறுத்திற்று. கத்தார் நாட்டின் தோகா நகரில் நடைபெற்ற ஐ.பி.எஸ்.எப். உலக ஸ்நூக்கர் போட்டியில், சென்னையைச் சேர்ந்த செல்வி அனுபமா ராமச்சந்திரன், தமது இருபத்து மூன்றாம் வயதில் மகளிர் பட்டத்தை வென்றார். இப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே.

ஸ்நூக்கர் நமக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் விதிகள் 1882-இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பிலேதான் எழுதி வைக்கப்பட்டன. பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மேசை; பதினைந்து சிவப்புப் பந்துகள்; ஆறு வண்ணப் பந்துகள். வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டி மற்றவற்றைக் குழிகளில் வீழ்த்த வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி; கறுப்புக்கு ஏழு. தோள்வலிமைக்கு இங்கே வேலை குறைவு. அசையாத கை, கணக்கிடும் கண், பொறுமை ஆகிய மூன்றுமே முதல். பல்லாங்குழியிலும் தாயத்திலும் நம் பாட்டிமார் காட்டிய திறமைகள் இவையல்லவா? பின் ஏன் பெண்கள் இம்மேசையருகே அரிதாயினர்? மேசை கிளப்புகளில் இருந்தது. கிளப்புகளோ நெடுங்காலம் ஆடவர் உலகமாக இருந்தன. கதவைத் தாண்ட இயலாதவளுக்குத் திறமை இருந்தென்ன?

செல்வி அனுபமா ஒரே நாளில் உயர்ந்தவரல்லர். 2017-ஆம் ஆண்டிலேயே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றவர். தோகாவில் இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்தவர், மும்முறை உலக வாகை சூடிய ஹாங்காங் வீராங்கனை இங் ஆன் யீ. இதே இங் ஆன் யீயிடம் 2017-இல் சிங்கப்பூரில், மற்றோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், இந்தியாவின் வித்யா பிள்ளை ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் மயிரிழையில் தோற்றிருந்தார். தோகாவிலும் அனுபமா இருமுறை பின்தங்கி, இருமுறை சமன் செய்தார். ஐந்தாம் சுற்றில் கடைசிக் கறுப்புப் பந்தே தீர்ப்புக் கூறிற்று: 68-க்கு 60. ஒருத்தி தோற்ற இடத்தில் மற்றொருத்தி தொடர்ந்து நின்றதால் அன்றோ இவ்வெற்றி வாய்த்தது!

மேசை வாங்க வசதியுள்ளவர்க்கே இவை என்று நாம் சொல்லிவிட முடியாது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற சென்னைச் சிறுமி காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். நம் மன்ற அறையில் உள்ளதும் அதே கேரம் பலகைதான்.

திருவையாற்றில் வாழும் நமக்கு இப்பாடம் புதிதன்று. காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதியைத் தம் பொருள் கொண்டு எடுப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆயினும் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றனர். அவர் சோர்ந்து ஒதுங்காமல், பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். இறுதியில் ஆடவரும் பெண்டிரும் கூடிப் பாடும் நாள் வந்தது. 1952-இல் மறைந்த அவ்வம்மையாரின் சிலை இன்றும் அச்சமாதியை நோக்கியே அமர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் அவ்விழாவைக் கண்டு வியக்கும் நாமே, நம் இல்லத்துக் கதவருகே நின்ற சிறுமியைக் காணத் தவறினோம்.

செய்தியைப் படித்த வாரமே, வாரத்தில் இரு மாலைகளை மன்ற அறையில் பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்கினோம். "பெண் பிள்ளைக்கு எதற்குச் சாமி இந்தக் காய் தள்ளுகிற வேலை? சோறாக்கப் பழகினால் போதாதா?" என்று வினவினார் ஓர் அன்னை. "சோறும் ஆக்கட்டும், அம்மா, உங்கள் மகனும் சோறாக்கப் பழகட்டும், இவளும் ஆடட்டும்" என்றோம். அவர் சிரித்தாரே தவிர, இன்னும் மகளை அனுப்பவில்லை. முதல் மாலை வந்தவர்கள் நால்வரே. அவர்களுள் ஒருத்தி, சன்னலருகே நின்ற அதே சிறுமி. ஓராண்டு தாமதித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவளோ நம்மை நிமிர்ந்தும் பாராமல், காய்களை அடுக்குவதிலேயே கருத்தாயிருந்தாள்.

அன்புள்ள பெற்றோரே, அவர்கள் அனைவரும் உலகப் பட்டம் பெறப் போவதில்லை. அது நம் நோக்கமும் அன்று. உங்கள் மகள் எதையேனும் ஆவலுடன் கேட்கும்போது, 'பிறகு' என்னும் சொல்லை மட்டும் சற்று எண்ணிக் கூறுங்கள். நாம் கூறிய அச்சொல் அவளது ஓராண்டை விழுங்கிவிட்டது.