பஞ்சு குறைந்த கூட்டில் ஒரு வாரம்

குட்டி போட்டு இரண்டு நாள் ஆன தாய் எலியின் கூண்டில் ஆய்வாளர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்கிறார்கள். தரையில் கொஞ்சமாக மரத்தூள் தூவி, அதன் மேல் கம்பி வலை ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். வலைக்கு அடியில் கிடக்கும் தூளைத் தாயால் அள்ள முடியாது. கூடு கட்ட அதற்குக் கிடைப்பது, எலியானால் ஒரு காகிதத் துவாலை. சுண்டெலியானால் வழக்கமாகத் தரும் பஞ்சுத் துண்டில் பாதி. தீனிக்கோ தண்ணீருக்கோ குறைவில்லை. குட்டிகளை யாரும் துன்புறுத்துவதில்லை, தாயைப் பிரிப்பதும் இல்லை. ஒரு வாரம் கழித்து, குட்டிகளின் ஒன்பதாம் நாளில், பழையபடி தாராளமான படுக்கை வந்துவிடும்.

அந்த ஒரு வாரம் தாயைக் கவனித்தால் வித்தியாசம் கண்ணில் படும். ஒரு குட்டியை நக்கிக்கொடுக்கத் தொடங்கும், பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகும். பால் கொடுக்கப் படுக்கும், குட்டிகள் காம்பைப் பற்றிக் கொஞ்ச நேரத்துக்குள் மறுபடி எழும். குட்டிகளோடு அது கழிக்கும் மொத்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாதபடி பராமரிப்பு துண்டு துண்டாகிப் போகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாலி பாரம் குழுவினர் செம்மைப்படுத்திய முறை இது. இளமையில் ஏற்படும் நெருக்கடி மூளையை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் கூடங்கள் பலவற்றில் இன்று இதுதான் நடைமுறை.

கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிக்கு உலகம் என்பதே தாய்தான். எலிக்குட்டி பிறந்து நான்காம் நாள் முதல் ஏறக்குறைய இரண்டு வாரம்வரை, சிறு தொல்லைகளுக்கு அதன் உடல் கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோனை அதிகம் சுரக்காது. அது அளவுக்கு மிஞ்சினால் வளரும் மூளைக்குக் கெடுதி. இந்த அமைதியைக் காப்பதில் தாயின் பாலுக்கும் நாக்குக்கும் பெரும் பங்கு உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு 1997இல் காட்டியது இது: தாய் நிறைய நக்கி வளர்த்த குட்டிகள் பெரிதான பின் நெருக்கடியில் குறைவாகவே பதறின. 2004இல் அதே குழு மரபணுவரை போனது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில், அழுத்த ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவின் மேல் படியும் வேதிக் குறிகள் தாயின் பராமரிப்புக்கு ஏற்ப மாறியிருந்தன. குட்டிகளை வேறு தாயிடம் வளரவிட்டால், வளர்த்தவளின் பழக்கமே அவற்றில் பதிந்தது.

இந்தத் துறையில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. நரம்பியல் ஆய்வுகளில் பல காலம் பெண் எலிகளே இல்லை. 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அன்னாலீஸ் பீரியும் இர்விங் ஸுக்கரும் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பாலை மட்டும் வைத்துச் செய்த நரம்பியல் ஆய்வுகளில், பெண்ணுக்கு ஒன்று என்றால் ஆணுக்கு ஐந்தரை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும் பெண்ணின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 2014இல் ஸுக்கர் குழு, நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் அளவீடுகளை ஒப்பிட்டு, பெண் சுண்டெலிகள் ஆண்களைவிட அதிகம் மாறுபடுவதில்லை என்று காட்டியது. 2016 முதல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன்னிடம் நிதி கேட்பவர்கள் இரண்டு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. இது எவ்வளவு தாமதம் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால், கம்பி வலை வரும் முன்பே ஆண் குட்டியும் பெண் குட்டியும் ஒன்றில்லை. பிறப்பை ஒட்டிய நாட்களில் ஆண் குட்டியின் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைப் பொழிகின்றன. மூளைக்குள் அது ஈஸ்ட்ராடயாலாக மாறி, சில பகுதிகளின் இணைப்புகளையே வேறு விதமாக அமைக்கிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தி குழுவின் ஆய்வுகளின்படி, மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்களும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. தாயும் இரண்டு குட்டிகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆண் குட்டியின் பின்புறத்தைத் தாய் அதிகம் நக்குகிறது என்பதை 1970களின் முடிவிலேயே சீலியா மூர் கவனித்திருந்தார். குட்டியின் வாசனைதான் அதைத் தூண்டுகிறது. ஆகவே ஒரே கூட்டில், ஒரே வாரத்தில் இரண்டும் இருந்தாலும், அந்த வாரம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

முடிவுகளும் அப்படியே பிரிகின்றன. ஆம்ஸ்டர்டாமில் அனிகோ கொரோசியின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சு குறைந்த கூட்டில் வளர்ந்த ஆண் சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிதாகப் பிறந்த செல்கள் வளர்ந்த பருவத்தில் குறைவாகவே பிழைத்தன. அவற்றின் நினைவும் பழுதாகியிருந்தது. பெண்களிடம் இந்தப் பாதிப்பு லேசானது. இதை மட்டும் படித்தால் பெண் தப்பித்துவிட்டது என்றே தோன்றும்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கெவின் பாத் குழு 2018இல் வேறு சோதனை வைத்தது. கிண்ணங்களைத் தோண்டித் தீனியை எடுக்க வேண்டும். எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதற்குக் குறி உண்டு. சுண்டெலி அதைக் கற்றுக்கொண்டதும் விதியைத் தலைகீழாக்குகிறார்கள். நேற்றுவரை தீனி தந்த குறி இனி ஏமாற்றும். இங்கே தடுமாறியவை பெண்கள். அதே வளர்ப்பில் வந்த ஆண்கள் சமாளித்துக்கொண்டன. கண்ணுக்கு மேலே உள்ள மூளைப் புறணியில், மற்ற நியூரான்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் ஒரு வகைச் செல்கள் அந்தப் பெண்களில் குறைந்திருந்தன. ஆம்ஸ்டர்டாமில் கேட்ட கேள்விக்கு ஆண் தோற்றது. பிரவுனில் கேட்டதற்குப் பெண் தோற்றது. யார் பலவீனம் என்று கேட்பதே பிழை என்பது என் எண்ணம்.

எந்த வயதில் பார்க்கிறோம் என்பதும் பதிலை மாற்றுகிறது. பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெதர் பிரென்ஹவுஸ் குழு, தினமும் சில மணி நேரம் தாயைப் பிரிந்து வளர்ந்த எலிகளை 28, 38, 48 ஆகிய நாட்களில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டது. அச்சத்தை உணரும் அமிக்டலாவிலிருந்து முன்மூளைப் புறணிக்குப் போகும் நரம்பிழைகள் இந்த எலிகளில் காலத்துக்கு முன்பே முதிர்ந்திருந்தன. தண்ணீர் வற்றிய வயலில் பயிர் அவசரமாகக் கதிர் விடுவதைப் போல. இந்த அவசரம் பெண்களில் முதலில் வந்தது, ஆண்களில் பிறகு. குட்டிப் பருவத்தில் மட்டும் பார்த்தவர் ஆண் நலம் என்று எழுதியிருப்பார். சில நாள் கழித்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

போதைப் பொருள் பற்றிய சோதனைகளில் பிளவு இன்னும் கூர்மையானது. இர்வைனில், அந்த ஒரு வாரத்தைக் கடந்த பெண் எலிகள், ரெமிஃபென்டனில் என்ற ஓபியாய்டுக்காக எவ்வளவு பாடுபட வைத்தாலும் விடாமல் உழைத்தன. ஹெராயினை நிறுத்திய பிறகும் அதை நாடுவது நீடித்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் டெப்ரா பங்காசர் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், இதே முறையில் வளர்ந்த ஆண் எலிகள் மார்ஃபினைக் குறைவாகவே எடுத்தன. அந்தக் குழு இதைத் தாங்குதிறன் என்றது. முழு மனதோடு அப்படி மகிழ என்னால் முடியவில்லை. இர்வைன் கூடங்களில் இதே முறையில் வளர்ந்த ஆண் எலிகள், சர்க்கரைத் தண்ணீரையும் சக எலிகளோடு விளையாடுவதையும்கூட மற்ற எலிகள் அளவுக்கு நாடவில்லை.