காதைத் தொட்டு ‘ஹூ’... கண்ணைத் தொட்டு ‘தா’!

‘‘டாக்டர், பையனுக்கு பாங்காக்ல வேலை. எங்களையும் வந்து இருக்கச் சொல்றான். அறுபது வயசுக்கு மேல அந்த பாஷையெல்லாம் மண்டையில ஏறுமா?’’

முட்டி வலிக்காக என்னிடம் வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது.

‘‘தாராளமா ஏறும்மா. ஆனா காதால மட்டும் படிக்காதீங்க. கையாலயும் படிங்க’’ என்றேன். சும்மா சொல்லவில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது!

சில வருடங்களுக்கு முன் தாய்லாந்து மசாஜ் பழக பாங்காக் போயிருந்தேன். உடம்பில் பத்து ‘சென்’ ஓடுவதாகச் சொல்வது அவர்கள் முறை. அதில் மூன்றின் பெயர் இத்தா, பிங்கலா, சுமனா. நம்முடைய இடகலை, பிங்கலை, சுழுமுனைதான்! ‘அட, நம்ம வீட்டுச் சரக்கு’ என்று தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்புதான் காலை வாரியது.

பயிற்சிக்கு வந்த ஒரு பாட்டி, ‘‘புவத் கவ்’’ என்றார். ‘புவத்’ என்றால் வலி என்று தெரியும். அடுத்த சொல் என் காதில் ‘காவ்’ என்று விழுந்தது. காவ் என்றால் சோறு. சரி, சாப்பிட்டால் வலிக்கிறது போலிருக்கிறது என்று வயிற்றை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். பாட்டி சிரித்துக்கொண்டே என் கையை எடுத்து முழங்காலில் வைத்தார்!

இழுத்து ‘காவ்’ என்றால் சோறு. வெட்டி ‘கவ்’ என்றால் முழங்கால். குரலின் ஏற்ற இறக்கமும் மாறும். ஒரு குறில் நெடிலாகக் கேட்டதில் முட்டி வலிக்கு வயிற்று வைத்தியம் நடந்திருக்கும். மருந்தும் கொடுத்திருந்தால்? நினைத்தாலே உதறுகிறது.

ஒன்பது உயிர்... உடம்பிலேயே!

தாய்லாந்து மொழியில் அடிப்படை உயிர் ஒலிகள் 9. ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில் உண்டு. ஆக 18. ‘அடேங்கப்பா’ என்று பயப்பட வேண்டாம். குறில் நெடில் நமக்குப் பிறந்த வீட்டுச் சொத்தாயிற்றே! கண்ணாடி முன் நின்று, உறுப்பைத் தொட்டு, பெயரைச் சொல்லுங்கள்.

காது – ஹூ. கண் – தா. நாக்கு – லின். இடுப்பு – ஏவ். இடுப்பின் கீழ்ப்பக்கம் – ஸபோக். ஊ, ஆ, இ, ஏ, ஓ... ஐந்தும் நம் ஒலிகள்தான். மீதி நான்குக்குத்தான் வாய்க்குக் கொஞ்சம் வேலை.

மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை – மூ. உதட்டைக் குவிக்கவே கூடாது. ‘பாட்டு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ‘உ’ எப்படி வருகிறது? பள்ளியில் படித்த குற்றியலுகரம்! அதையே நீட்டுங்கள்.

தோள் முதல் மணிக்கட்டு வரை – கேன். ‘பேங்க்’ என்னும்போது வாய் அகலுமே, அந்த ஒலி.

கழுத்து – கோ. ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில். கிரிக்கெட் வர்ணனையில் ‘நோ பால்’ என்கிறார்களே, அந்தப் ‘பால்’.

நடப்பது – டோன். இரண்டு விரலால் உதட்டோரங்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘ஓ’ சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே நடந்தபடி சொல்ல வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்து பாதத்தைத் தட்டினால் போதும்.

அளவுக்கு மாத்திரை

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நம் இலக்கணம். இது விழுங்குகிற மாத்திரை இல்லை, விரலைச் சொடுக்கும் நேரம். ‘கவ்’ என்றால் ஒரு சொடுக்கு. ‘காவ்’ என்றால் இரண்டு. விரல் பழகிவிட்டால் நாக்கு தானாகப் பின்னால் வரும்.

முஷ்டிதான் மெய்யெழுத்து

பல்லவர் எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் போய்த்தான் தாய்லாந்து எழுத்து ஆனது. அதனால் உயிர்க்குறிகள் மெய்யெழுத்தைச் சுற்றி உட்காருவது நமக்குப் புதிதல்ல.

வலது கையை மூடுங்கள். அதுதான் மெய்யெழுத்து. இடது கையை அதன் தலைமேல் வைத்தால் இ, ஈ. நம் குற்றியலுகர ஒலிக்கும் மேலேதான் இடம். அடியில் வைத்தால் உ, ஊ. வலப்பக்கம் ஆ. இடப்பக்கம் ஏ, ஓ, ஐ. நம் ‘கே’, ‘கை’ போலவேதான்.

‘ஏ’வுக்கு இடப்பக்கம் ஒரு கோடு. ‘பேங்க்’ ஒலிக்கு அதே கோடு இரண்டு. இடுப்பு ஒன்று, கைகள் இரண்டு... மறக்குமா?

என்னை ஏமாற்றிய முழங்காலுக்கு வருவோம். ‘கவ்’ எழுதும்போது நம் ‘கோ’ மாதிரி எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வரும். வலிக்கிற முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது போல! சோறுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால்தான் எல்லாம். இதைக் கண்டுபிடித்த நாள் முதல் எனக்குக் குழப்பமே இல்லை.

உடம்பால் செய்துகொண்டே கற்றது வெறுமனே கேட்டதைவிட நன்றாக நினைவில் நிற்கிறது. மனதை ஆராய்கிறவர்கள் பரிசோதனைகளில் பார்த்ததும் இதுதான். வயதானவர்கள் தினம் காலையும் மாலையும் பத்து நிமிஷம் பழகினால் போதும். பேரன் பேத்தி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விளையாட்டாகவே போய்விடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்த மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் ஐந்து வகை. அதைக் கையால் பிடிக்க முடியாது. அந்த ஊர்க்காரர் வாயிலிருந்து கேட்டுத்தான் பழக வேண்டும்.

அந்த அம்மா அடுத்த மாதம் மறுபடி வந்தார். ‘‘வலி எப்படிம்மா இருக்கு?’’ என்றேன். முட்டியைத் தட்டி, ஒரே ஒரு சொடுக்குப் போட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்:

‘‘கவ் இப்ப தேவலை டாக்டர்!’’